வராதவர் பங்கு

முன்னொரு காலத்தில் ஒரு ராஜா இருந்தான். அவன் பெயரைக் காசுகளில் பொறித்திருந்தார்கள். காசுகள் தேய்ந்துவிட்டதால் அந்தப் பெயர் இப்போது யாருக்கும் தெரியாது. ஆனால் அவன் ஆட்சியில், ஒரு துண்டு அப்பத்தை மடியில் வைத்துக்கொண்டு தெருவில் நடக்கப் பயந்த ஒருத்தியின் பெயர் நமக்குத் தெரியும். அவள் பெயர் அம்மியாள். இது அவள் கதை. கேளுங்கள்.

அந்த ராஜாவின் தேசத்தில், பூமி அடிக்கடி அதிரும் மலைநாட்டில், தார்கேசா என்றொரு பட்டணம் இருந்தது. அங்கே தரையைப் பிளந்துகொண்டு வெந்நீர் ஊற்றுகள் பொங்கும். அந்த வெந்நீரில் ஆட்டு ரோமத்தை அலசுவார்கள். மஞ்சிட்டி வேரைக் காய்ச்சி அதற்குச் சிவப்பு ஏற்றுவார்கள். பட்டணத்தில் பாதிப் பேர் சாயக்காரர்கள். அவர்கள் கைகள் முழங்கைவரை சிவந்திருக்கும். தேய்த்தாலும் போகாது, குளித்தாலும் போகாது, செத்தாலும் போகாது.

அம்மியாளும் சாயக்காரி. அவள் கணவன் மெனோனும் சாயக்காரன். இருவரும் கிறிஸ்துவின் பெயரைச் சொல்பவர்கள்.

அந்தப் பெயரைச் சொல்பவர்கள் தார்கேசாவில் ஒரு சாயக் கொட்டகை நிறையும் அளவுக்குத்தான் இருந்தார்கள். வாரத்தின் முதல் நாள், கிழக்கு வெளுக்கும் நேரத்தில், தொட்டிகளுக்கு நடுவே கூடுவார்கள். இந்த வாரம் ஒரு கொட்டகை, அடுத்த வாரம் வேறொரு கொட்டகை. எது என்று முந்தின வாரமே காதோடு காதாகச் சொல்லிவிடுவார்கள்.

அவர்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. அப்பத்தை முதலில் வந்தவர்களுக்குப் பிட்க மாட்டார்கள். வராதவர்களுக்குத்தான் பிட்பார்கள்.

மூப்பர் சோசிமு பெயர்களை அழைப்பார். காய்ச்சலில் கிடப்பவள் பெயர். பிள்ளை பெற்றவள் பெயர். எஜமான் கதவைப் பூட்டிவிட்டதால் வர முடியாத அடிமையின் பெயர். ஒவ்வொரு பெயருக்கும் ஒரு துண்டு. அதைத் துணியில் சுற்றி, அந்தத் தெருப் பக்கம் போகிறவரிடம் கொடுப்பார்கள். வெயில் ஏறுமுன் அது உரியவர் கைக்குப் போய்ச் சேர வேண்டும். அதன் பிறகுதான் மற்றவர்கள் சாப்பிடுவார்கள்.

யார் தொடங்கிய வழக்கம் என்று யாருக்கும் தெரியாது. யாரும் கேட்டதும் இல்லை.

ராஜாவுக்குத் தன்னைக் கும்பிடாதவர்களைப் பற்றிப் பயம் வந்தது. தொழில் செய்யும் ஒவ்வொருவரும் தன் சிலைக்கு முன்னால் ஒரு சிட்டிகை தூபம் போட வேண்டும் என்று கட்டளை அனுப்பினான்.

முதலில் அகப்பட்டவர்கள் இரண்டு பேர். ஒருவன் மெனோன். மற்றவன் அவன் சிநேகிதன் திரிப்போன். திரிப்போன் ரொட்டிக்காரன். சபைக்கு அப்பம் சுட்டவன் அவன்தான். மேலே கருஞ்சீரகம் தூவிச் சுடுவான். துணியில் சுற்றியிருந்தாலும் வாசனை தெருவுக்குத் தெரியும்.

மெனோன் சிலைக்கு முன்னால் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றான். அவனைக் கடலுக்கு அப்பால் கல் வெட்டும் சுரங்கத்துக்கு அனுப்பினார்கள்.

அவன் பின்னால் நின்றவன் திரிப்போன். சிநேகிதனின் கழுத்தில் இரும்பு வளையம் ஏறுவதைப் பார்த்தான். கை நடுங்கியது. தூபத்தைப் போட்டுவிட்டான். பயத்தில் ஒரு சிட்டிகைக்குப் பதில் ஒரு பிடியே போட்டுவிட்டான், பூசாரிக்கே இருமல் வந்தது என்று பார்த்தவர்கள் சொன்னார்கள்.

அதற்குப் பிறகு சபையில் ஒவ்வொரு வாரமும் மெனோனின் பெயரை அழைத்தார்கள். சுரங்கம் வெகு தொலைவு. ஆகவே அவன் பங்கை, வழியில் முதலில் தென்படும் பசித்தவர் கையில் அம்மியாள் கொடுத்துவிடுவாள்.

திரிப்போனின் பெயரை யாரும் எடுக்கவில்லை. கார்ப்பு என்ற சாயக்காரனின் மனைவி பிலிஸ்தா அப்பம் சுடத் தொடங்கினாள். அவள் சாயம் ஏற்றுவதில் கெட்டிக்காரி.

“இதைக் கடிக்கவா, இதன்மேல் வீடு கட்டவா?” என்று கார்ப்பு ஒருநாள் கேட்டான்.

“கட்டு. உன் நாக்குக்கு ஒரு கதவும் வைத்துக் கட்டு” என்றாள் பிலிஸ்தா.

அந்த நாட்களில் அவர்கள் சிரித்தது அவ்வளவுதான்.

காவல் தலைவன் வாலேன் அவர்களைத் தேடிக்கொண்டிருந்தான். மூன்று முறை கொட்டகைகளை முற்றுகையிட்டான். மூன்று முறையும் சூடு ஆறாத தொட்டிகள்தான் அகப்பட்டன. அம்மியாள் வாசலில் செருப்புச் சத்தம் கேட்டால் மூச்சைப் பிடித்துக்கொள்வாள். சத்தம் கடந்து போன பிறகும் விட மறந்துவிடுவாள்.

அப்போதுதான் ரோமம் அலசும் துறையில் ஒரு பேச்சு வந்தது. திரிப்போனுக்கு உடம்பு முடியவில்லையாம். அடுப்பு அணைந்துவிட்டதாம். வீட்டைவிட்டு வெளியே வருவதில்லையாம்.

அடுத்த முதல் நாள். சோசிமு பெயர்களை அழைத்தார். அவர் மூச்சிரைப்புக்காரர். ஒவ்வொரு பெயருக்கும் நடுவில் நின்று நின்று அழைப்பார். எல்லாப் பெயர்களும் முடிந்துவிட்டன என்று நினைத்தபோது இன்னொரு பெயரைச் சொன்னார்.

“திரிப்போன்.”

தொட்டியருகே நின்ற கார்ப்பு சட்டென்று திரும்பினான்.

“எந்தத் திரிப்போன்?” என்றான்.

“நமக்கு ஒரு திரிப்போனைத்தான் தெரியும்.”

“தூபம் போட்ட கைக்கு அப்பமா? அந்தச் சிலைக்கு முன்னால் போய் வாங்கிக்கொள்ளட்டும்.”

சோசிமு துண்டைப் பிட்டுவிட்டார். “கார்ப்பு, அவன் இங்கே இல்லை. இது இல்லாதவர்களின் பங்கு. ஒருவர் ஏன் இல்லை என்று நாம் இதுவரை கேட்டதில்லையே அப்பா. இன்றைக்கு ஆரம்பித்தால் எங்கே நிறுத்துவது?”

ரொட்டிக்காரர் தெருவுக்குப் போகிறவள் யார் என்று எல்லோருக்கும் தெரியும். துண்டு அம்மியாளின் கைக்கு வந்தது.

அவள் அதை மடியில் வைத்துக்கொண்டாள். என் புருஷன் கழுத்தில் வளையம், இவன் வாயில் அப்பமா என்று நினைத்தாள். ஆனால் வழக்கம் வழக்கம்தான். நடந்தாள்.

திரிப்போனின் வீட்டுக்கு எதிரில் ஒரு திராட்சரசக் கடை. அங்கே இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். மேலாடை ஊர்க்காரர்களுடையது. செருப்பு அரசாங்கத்துடையது. அடியில் ஆணி அடித்த செருப்பு.

அம்மியாள் மடியைக் கையால் மறைத்துக்கொண்டாள்.

அந்த நேரத்தில் திரிப்போன் சன்னலுக்கு வந்தான். அவளைப் பார்த்தான். தெருவே திரும்பும்படி கத்தினான்.

“அடுப்பு எரியவில்லை! வேறு கடைக்குப் போ!”

அவள் நிற்கவே இல்லை. தெருமுனை திரும்பிய பிறகுதான் கால்கள் தன்னுடையவை என்று தெரிந்தது. முதலில் நிம்மதி வந்தது. பிறகு கோபம் வந்தது. கொண்டுபோன என்னையே துரத்துகிறானே என்று கோபம்.

“கொடுத்தாயா, அம்மா?” என்று சோசிமு கேட்டார்.

“கொடுத்தேன்” என்றாள்.

அந்தத் துண்டை அவளால் தின்ன முடியவில்லை. எறியவும் முடியவில்லை. பசித்தவருக்குக் கொடுக்கலாம் என்றால், அது பெயர் சொல்லிப் பிட்டது. கையெட்டும் தூரத்தில் இருப்பவனுடையது. ரோமக் கூடையின் அடியில் வைத்தாள். அதன் பிறகு அந்தக் கூடையிலிருந்து ரோமம் எடுக்கவே இல்லை.

இரண்டாவது வாரமும் அந்தப் பெயரை அழைத்தார்கள். இரண்டாவது வாரமும் துண்டு அவள் மடிக்கு வந்தது.

இந்த முறை ஆணிச் செருப்புக்காரர்கள் சலித்துப்போயிருந்தார்கள். திரிப்போன் சன்னலுக்கு வந்தபோது ஏதோ இழுபடும் சத்தம் கேட்டது. கணுக்காலில் சங்கிலி.

“அடுப்பு எரியவில்லை! வேறு கடைக்குப் போ!”

“பார் இவனை” என்றான் ஒரு காவலன். “வருகிறவர்களைத் துரத்தினால் பிழைப்பு எப்படி ஓடும்?”

“இவனுக்காக ஒரு நாய்கூட வராது. நான் அன்றைக்கே சொன்னேன். தலைவர்தான் கேட்கவில்லை. அப்பம் வரும், அப்பம் வரும் என்கிறார். எனக்கு முதுகுவலிதான் வந்தது.”

அம்மியாள் கேட்டுக்கொண்டே கடந்து போனாள். இப்போது சந்தேகமே இல்லை. இது பொறி. திரிப்போன் உள்ளே வைத்த தீனி.

நன்றாகக் கிடக்கட்டும் என்று நினைத்தாள். நினைத்ததும் கால்கள் மெதுவாயின. தெருமுனைக் கிணற்றடியில் இடுப்புக் குடத்தை இறக்கி, தண்ணீர் மொள்வதுபோல் நின்றாள்.

அப்போது ஒரு பானைக்காரி அந்த வழியாக வந்தாள். அவள் கைகளில் மண். திரிப்போனின் சன்னலருகே நின்று, ரொட்டி உண்டா என்று கேட்டாள்.

“உடம்பு சரியில்லை, தாயே. பிறகு பாருங்கள்” என்றான் திரிப்போன். மெதுவாகத்தான் சொன்னான்.

பிறகு ஒரு கொல்லன் வந்தான். அவன் கைகளில் கரி. அவனிடமும் மெதுவாகத்தான் சொன்னான்.

பிறகு சிவந்த கைகளோடு ஒரு கிழவர் வந்தார். அவர் சபையைச் சேர்ந்தவர்கூட இல்லை. அவர் சன்னலை நெருங்குமுன்பே கூச்சல் எழுந்தது.

“அடுப்பு எரியவில்லை! வேறு கடைக்குப் போ!”

அம்மியாள் குடத்தை மறந்து நின்றாள். இவன் துரத்துவது சிவந்த கைகளை மட்டும்தான். நோயாளி என்று சொன்னால் நாம் அப்பத்தோடு உள்ளே போய்விடுவோம் என்று தெரிந்து, அதை நம்மிடம் மட்டும் சொல்லாமல் கத்துகிறான். தூபம் போட்டவன்தான். ஆனால் காலில் சங்கிலியோடு, அவனால் முடிந்த காவலைக் காத்துக்கொண்டிருக்கிறான்.

அந்த வாரம் அவள் சாயம் ஏற்றிய ரோமம் திட்டுத் திட்டாக வந்தது. பிலிஸ்தா பார்த்தாள். அதை எடுத்து மறுபடி தொட்டியில் போட்டாள்.

மூன்றாவது வாரம். சோசிமு பெயர்களை அழைக்கத் தொடங்குமுன் அம்மியாள் எழுந்து நின்றாள்.

“நான் கொடுக்கவில்லை” என்றாள். “இரண்டு வாரமும் கொடுக்கவில்லை. பொய் சொன்னேன்.” பிறகு செருப்பு, சங்கிலி, கூச்சல் எல்லாவற்றையும் சொன்னாள்.

“பொறி என்று தெரிந்த பிறகு பேச்சு என்ன?” என்றான் கார்ப்பு. “எலிதான் போகும், மனுஷன் போகமாட்டான். அவன் பெயரை விட்டுவிடுங்கள், மூப்பரே. அவனே வர வேண்டாம் என்கிறான்.”

சோசிமு தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். வெகுநேரம் மூச்சு வாங்கினார். “போ என்று சொல்ல எனக்குத் தைரியம் இல்லை” என்றார். “பெயரை அழைக்காமல் விடவும் தைரியம் இல்லை.”

பெயரை அழைத்தார். துண்டைப் பிட்டார். யாரிடமும் நீட்டாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

அம்மியாள் போய் வாங்கிக்கொண்டாள். ரோமக் கூடையிலிருந்து எடுத்து வந்திருந்த மற்ற இரண்டோடு சேர்த்து மடியில் முடிந்தாள். கொட்டகை வாசலில் ஒருமுறை நின்றாள். யாராவது தடுப்பார்கள் என்று நினைத்தாள். யாரும் தடுக்கவில்லை. எல்லோரும் எழுந்து நின்றிருந்தார்கள்.

ரொட்டிக்காரர் தெரு அன்று மிக நீளமாக இருந்தது.

“அடுப்பு எரியவில்லை!” என்று திரிப்போன் கத்தினான். “வேறு கடைக்குப் போ! போ!”

அவள் கதவைத் தள்ளினாள். எதிர்க்கடையில் ஒரு கோப்பை கீழே விழுந்தது.

உள்ளே மாவு வாசனைகூட இல்லை. திரிப்போன் சுவரோடு ஒட்டிக்கொண்டான். “அக்கா, போய்விடு. பின்பக்கம் ஒரு சுவர் உண்டு, ஏறிக் குதி. நான் தூபம் போட்டவன். உனக்குத் தெரியாதா?”

“தெரியும். பூசாரிக்கு இருமல் வந்ததும் தெரியும். உட்கார்” என்றாள் அம்மியாள். அவளுக்குப் பல் கிட்டித்தது. மடியை அவிழ்த்தாள். “இது உன் பங்கு. இது இந்த வாரத்தது. இது போன வாரத்தது. இது அதற்கும் முந்தினது. சபை அன்றன்றைக்கே கொடுத்தது. நான்தான் வழியில் வைத்துக்கொண்டேன்.”

அவன் மூன்றையும் பார்த்தான். மிகப் பழையதை எடுத்தான். கல்லாகக் காய்ந்திருந்தது. கடித்தான். மெல்ல முடியாமல் வாயிலேயே வைத்துக்கொண்டு அழுதான்.

“பிலிஸ்தா சுட்டதா?” என்றான்.

“ஆமாம்.”

“அன்றைக்கே கொண்டுவந்திருந்தாலும் இப்படித்தான் இருந்திருக்கும்.”

அம்மியாளுக்குச் சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்பு முடியுமுன் ஆணிச் செருப்புகள் உள்ளே வந்துவிட்டன.

வாலேன் அவளைக் காவற்கிடங்கில் விசாரித்தான். அது பழைய ரோமக் கிடங்கு. அவன் மகிழ்ச்சியாக இருந்தான்.

“இந்த ரொட்டிக்காரனிடம் ஒருநாள் கேட்டேன், உன்னை அவர்கள் தேடுவார்களா என்று. அவன் அழுதுகொண்டே, எனக்கு அப்பம் வரும் ஐயா என்றான். அந்த ஒரு வார்த்தை எனக்குப் போதுமாயிற்று. அவனுக்கு உடம்பு முடியவில்லை என்று ஊரில் பேச்சைக் கிளப்பினேன்” என்றான். “சொல், நீங்கள் கூடும் இடம் எது?”

“இப்போதைக்கு இதுதான், ஐயா” என்றாள் அம்மியாள்.

திமிர் என்று நினைத்து அவளை உள்ளே தள்ளினான். வேலை முடிந்ததால் திரிப்போனின் சங்கிலியைக் கழற்றி, ஊரைவிட்டுப் போய்விடு என்று துரத்தினான். அவன் தலை குனிந்து போவதை அம்மியாள் கம்பிகளின் வழியே பார்த்தாள்.

கிடங்குக்குள் அவள் தனியாக இருந்தாள். அடுத்த முதல் நாள் நெருங்க நெருங்க அவளுக்குப் பயம் அதிகமானது. யாரும் வந்துவிடக் கூடாது என்று ஜெபித்தாள். வராமல் போய்விட்டால் என்ன செய்வது என்றும் பயந்தாள். ஒரே வாயால் இரண்டையும் எப்படிக் கேட்பது? கேட்காமல் சும்மா இருந்தாள்.

விடிந்தது. கிடங்கு வாசலில் ஒரு கனைப்புச் சத்தம். கார்ப்பு நின்றிருந்தான்.

“கார்ப்பு! நீயா?”

“வேறு யார்? கொண்டுபோகிற நீதான் உள்ளே இருக்கிறாயே” என்று முறைத்தான் கார்ப்பு. “இந்தா, பிடி. பல்லைப் பார்த்துக்கொள்.”

துண்டு அவள் கைக்குப் போனதும் அவனைப் பிடித்து உள்ளே தள்ளினார்கள்.

அடுத்த வாரம் இரண்டு பேருக்கு அப்பம் வந்தது. கொண்டுவந்தவர்கள் பிலிஸ்தாவும் இன்னொருத்தியும். அவர்களையும் உள்ளே தள்ளினார்கள். அடுத்த வாரம் நான்கு பேருக்கு வந்தது. வாலேன் கையைத் தேய்த்துக்கொண்டான். வலை வீசாமலே மீன் வருகிறது என்றான்.

ஆனால் காவலர்களுக்குப் புரியவில்லை. “பூட்டு இருப்பது தெரிகிறது, நாம் நிற்பது தெரிகிறது, பிறகும் வருகிறார்களே” என்றான் முதுகுவலிக்காரன். “ஓடுகிறவனைப் பிடிக்கத்தான் எனக்குத் தெரியும். வரிசையில் வருகிறவனை என்ன செய்வது?”

கடைசியாக ஒருநாள் சோசிமு வந்தார். வழியெல்லாம் நின்று நின்று வந்தார். எல்லோருடைய பங்கும் அவர் மடியில் இருந்தது. கொடுத்து முடித்ததும், “நான்தான் மிச்சம்” என்று சொல்லிவிட்டு அவராகவே உள்ளே வந்து உட்கார்ந்தார்.

இப்போது சபை முழுவதும் கிடங்குக்குள். வெளியே ஒருவரும் இல்லை.

அந்த வாரம் மிகக் கனமாக நகர்ந்தது. காவலர்கள் கொடுத்தது புளித்த கூழ். வெளியே சேனைக்கான சாய வேலை தேங்குகிறது என்று காவலர்கள் பேசிக்கொண்டார்கள். ராஜாவுக்காக அந்த நாட்டை ஆளும் தேசாதிபதி என்ன தீர்ப்புச் சொல்வாரோ என்று பேசிக்கொண்டார்கள். சிங்கத்துக்குப் போடுவார் என்றான் ஒருவன். சுரங்கம் என்றான் இன்னொருவன். பிள்ளை வைத்திருந்தவள் பிள்ளையின் காதைப் பொத்தினாள்.

முதல் நாள் கிழக்கு வெளுத்தது. எல்லோரும் வழக்கம்போல எழுந்து உட்கார்ந்தார்கள். அப்பம் இல்லை. பிட்க ஒன்றும் இல்லை. ஆனாலும் சோசிமு பெயர்களை அழைத்தார். கூட்டம் முழுவதும் உள்ளே இருந்ததால் அழைக்க இரண்டு பெயர்கள்தான் இருந்தன.

“மெனோன்” என்றார். மூச்சு வாங்கினார். “திரிப்போன்.”

கார்ப்பு இந்த முறை எந்தத் திரிப்போன் என்று கேட்கவில்லை.

அம்மியாள் தன் வெறுங்கைகளைப் பார்த்தாள். திரிப்போனுக்கு ஊரைவிட்டுப் போக வழி கொடுத்திருந்தார்கள். இந்நேரம் மலையைத் தாண்டியிருப்பான். இரண்டு பங்கும் போய்ச் சேராது. வழக்கம் இன்றோடு முடிகிறது என்று நினைத்தாள்.

முதலில் நிமிர்ந்தது பிலிஸ்தா. மூக்கை உயர்த்தினாள்.

“கருஞ்சீரகம்” என்றாள்.

கம்பிகளுக்கு அப்பால் திரிப்போன் நின்றிருந்தான். தலையில் கூடை. முழங்கைவரை மாவு. கூடை நடுங்கிக்கொண்டிருந்தது.

“உனக்குப் பைத்தியமா?” என்று காவலன் கத்தினான். “உன்னைத்தான் விட்டுவிட்டோமே!”

“ஆமாம் ஐயா. அதனால்தான் வெளியே இருந்து கொண்டுவர முடிந்தது.”

வாலேன் எழுந்து வந்தான். கூடையைப் பார்த்தான். அவனைப் பார்த்தான். “உனக்குத்தான் பழக்கம் உண்டே. இன்னொரு முறை தூபம் போட்டுவிட்டு வீட்டுக்குப் போ.”

“அன்றைக்குப் பயத்தில் கை நடுங்கிப் போட்டேன், ஐயா. இன்றைக்கும் நடுங்குகிறது. ஆனால் கை காலியாக இல்லை” என்றான் திரிப்போன்.

கம்பிகளின் வழியே ஒவ்வொரு துண்டாகக் கொடுத்தான். சோசிமுவுக்கு. பிலிஸ்தாவுக்கு. கார்ப்புவுக்குக் கொடுக்கும்போது அவன் முகத்தைப் பார்க்கவில்லை. கார்ப்புதான் அவன் மணிக்கட்டைப் பிடித்தான். சிறிதுநேரம் விடவில்லை.

கடைசியில் அம்மியாளுக்கு ஒன்று கொடுத்தான். பிறகு இன்னொன்றை எடுத்தான்.

“இது மெனோனுக்கு” என்றான்.

அம்மியாள் அதை வாங்கிக்கொண்டாள். அதை என்ன செய்ய வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். தென்படும் பசித்தவர் கையில் கொடுக்க வேண்டும். சுற்றிலும் பார்த்தாள். விடியவிடியக் காவல் நின்ற முதுகுவலிக்காரன் அந்தத் துண்டையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் கையில் வைத்தாள்.

அவன் தலைவனைப் பார்த்தான். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பித் தின்றான்.

திரிப்போனையும் உள்ளே தள்ளிப் பூட்டினார்கள். தேசாதிபதிக்குச் செய்தி போனது. அவர் கேட்டது ஒன்றுதான். குளிருக்கு முன் சேனைக்குப் போக வேண்டிய சிவப்புப் போர்வைகள் எங்கே? தொட்டிகள் ஆறிக் கிடக்கின்றன, சாயக்காரர்களில் நல்ல கைகள் கிடங்கில் இருக்கின்றன என்றார்கள். மறைந்து கூடியவர்களைப் பிடிக்கச் சொன்னால், அவர்கள் கூட நீயே இடம் கொடுத்து, காவலும் போட்டிருக்கிறாயே என்று வாலேனைத் திட்டினார். கதவைத் திறந்துவிடச் சொன்னார்.

கெட்ட நாட்கள் அதோடு முடியவில்லை. ராஜா மாறினான், கட்டளை மாறவில்லை. அவர்களில் சிலர் பிறகு சுரங்கத்துக்குப் போனார்கள். சிலர் திரும்பவில்லை. மெனோனைப் பற்றிச் செய்தி வரவே இல்லை. அம்மியாளுக்கு வாசலில் செருப்புச் சத்தம் கேட்டால் கடைசிவரை மூச்சு நின்றது.

ஆனால் ஒவ்வொரு முதல் நாளும் பெயர்களை அழைத்தார்கள். ஒவ்வொரு பெயருக்கும் ஒரு துண்டு பிட்டார்கள். கருஞ்சீரக வாசனையோடு அது தெருக்களில் நடந்து, உரியவர் கைக்குப் போய்ச் சேர்ந்தது.

கேட்டவர்கள் இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்: பயந்து விழுந்தவனின் பங்கையும் எடுத்துவைத்து, தானும் பயந்துகொண்டே அதைக் கொண்டுபோய்க் கொடுக்கும் சபையை எந்தத் துன்பமும் கலைக்க முடியாது.